ருசி பார்க்காமல் வைத்த கறி

டொக்... டொக்... தகரக் கூரையில் கொட்டை விழுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிரான்ஸில் நாங்கள் இருந்த கிராமத்துப் பள்ளிக்கூட முற்றத்தில் நாலு பெரிய மரங்கள். குளிர் தொடங்கும்போது வழவழப்பான கொட்டைகளை உதிர்க்கும். முதன்முதலாக ஒன்றைக் கையில் எடுத்தபோது எனக்குப் பலாக்கொட்டைதான் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில், கல்யாணமாகி, இலங்கையில் கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவிலிருந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இவருக்கு மர ஆலையில் வேலை. எனக்குப் பள்ளிக்கூடக் கேன்டீனில் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. சமையல்காரி மொனிக். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சத்தம் பெரிசு, மனசும் பெரிசு.

முதல் நாள் சூப்பையும், பாண் என்று நாங்கள் சொல்கிற ரொட்டியையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குப் பிறகுதான் சாப்பாடே வந்தது!

ஆனால் சீக்கிரம் பழகிவிட்டேன். காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பாண் வேன் வரும். சூட்டோடு வாங்கி, நடந்துகொண்டே நுனியைப் பிய்த்துத் தின்போம். ஆட்டுப்பால் சீஸுக்கு முதல் மாதம் மூக்கைப் பொத்தினேன்... மூன்றாம் மாதம் இன்னொரு துண்டு கேட்டேன். மாட்டிறைச்சியைத் தவிர அவர்கள் வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

என் சாப்பாட்டைத்தான் ஒருவரும் தொடவில்லை. மதியம் நான் டப்பாவைத் திறந்தால் யாராவது எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்கள். சிரித்துக்கொண்டேதான். எனக்கு வலித்தது.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஊரே மண்டபத்தில் கூடி மதியச் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு சட்டி. போன முறை கடை பிஸ்கட் கொண்டுபோனேன். இந்த முறை அவர்கள் மண்ணில் விளைந்ததிலேயே என் கறியை வைத்து, அவர்களைச் சாப்பிட வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முற்றத்தில் ஒரு பை கொட்டை பொறுக்கினேன். அரிசியையும் தேங்காய்த்தூளையும் கருக வறுத்து அரைத்து, அம்மா அனுப்பிய கறித்தூள் போட்டு, கண்டிப் பக்கம் பலாக்கொட்டைக்கு வைக்கிற அதே கறுப்புக் கறி. ஞாயிறுக்கு முன் மொனிக்கிடம் காட்டலாம் என்று வியாழக்கிழமை கேன்டீன் அடுப்பிலேயே வைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கிறவள் ருசி பார்க்க மாட்டாள். சாமிக்கு வைக்காமல் வாயில் வைக்கக் கூடாது. உப்பெல்லாம் மணத்திலேயே தெரிந்துவிடும். மொனிக்கோ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கரண்டியை வாயில் வைப்பாள். இரண்டு வருஷமாக எங்களுக்குள் இதே சண்டை.

அன்றும் அவள்தான் ருசி பார்த்தாள். உடனே குழாயடிக்கு ஓடித் துப்பினாள்.

"இது எங்க எடுத்த? இது மனுசர் தின்ற கொட்டை இல்ல. தின்னா ஆஸ்பத்திரிதான். நீ ருசி பாத்தியா?"

"இல்ல," என்றேன்.

சட்டியைக் குப்பையில் கவிழ்த்தாள். நாக்கில் ஒரு துளி வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், அவ்வளவு கசப்பாம். அந்தக் கொட்டைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? 'இந்தியக் கொட்டை'. இலங்கையில்தான் மலையகத்து ஆட்களை 'இந்தியாக்காரர்' என்று ஒதுக்குவார்கள் என்றால், அங்கேயும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பாண்காரர் பாணை நீட்டியபடி, நல்லவேளை நாங்கள் தப்பித்தோம் என்றார். அவமானத்தில் முகம் எரிந்தது. இவர், "பேசாம பிஸ்கட் கொண்டு போ," என்றார். முடியாது என்றேன்.

அன்றைக்கே மொனிக்கிடம் போய், தின்கிற கொட்டை எங்கே இருக்கிறது, காட்டு என்று நின்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு பூட்ஸை மாட்டினாள்.

மேட்டுக் காட்டில் முள் உருண்டைக்குள் இருந்தது நிஜக் கொட்டை, பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரி. விரலெல்லாம் முள். அவித்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு தோலும் உரிக்க வேண்டும். சனிக்கிழமை பூராவும் உரித்தேன், நகம் கறுத்துப்போனது.

ஞாயிறு மண்டபத்தில் என் சட்டியைச் சுற்றி மட்டும் ஆள் இல்லை. வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள், அடுத்த சட்டிக்குப் போனார்கள். மொனிக் இன்னும் வந்து சேரவில்லை. சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவதுதான் எங்கள் பழக்கம். அன்றைக்கு ஒரு தட்டை எடுத்தேன். நிறையப் போட்டேன். மேசைக்கு முன்னாலேயே நின்று, எல்லாரும் பார்க்க, முதல் ஆளாகச் சாப்பிட்டேன். தட்டைக் காலி பண்ணாமல் வைக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது... ஊரில் இருக்கிற மாதிரியே இருந்தது.

திரும்பினால் பாண்காரர் தட்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மொனிக் வந்தபோது சட்டியின் அடியைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வைக்கலியா?" என்று சண்டை பிடித்தாள்.

கெலிஓயாவுக்கே திரும்பி வந்து பல வருஷமாகிறது. இங்கே பாண் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது. நுனியைப் பிய்த்துத் தின்ன ரோட்டில் என்னோடு யாரும் நடப்பதில்லை. பலாக்கொட்டையைப் பக்கத்து வீட்டு சிங்கள அக்கா பை பையாகத் தருகிறார், முள்ளும் இல்லை, பயமும் இல்லை. மற்றக் கறிகளுக்கெல்லாம் பழையபடி மணம்தான். இந்த ஒரு கறிக்கு மட்டும், அடுப்பில் இருக்கும்போதே ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் வைப்பேன்.

போன வாரமும் இவர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றேன்.