அண்ணன் உடைத்த ரயில் வண்டி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் கண்ணை மூடி இன்றோடு ஓர் ஆண்டு ஆகிறது. பந்தியில் உட்காரும் முன் இந்தப் பக்கங்களைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு பாடை கிளம்புவதற்கு முன்பே உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "நல்ல வேலக்காரன். கோவத்தால கெட்டான். கட்டின வண்டிய அவனே ஒடச்ச பைத்தியக்காரன்." பேசியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதினோரு ஆண்டுகளாக ஊருக்குத் தெரிந்த கதை அதுதான். அந்தக் கதை பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவன் நான். அவருடைய பெயரை அவரிடமே சேர்ப்பதற்கு எனக்கு இதைவிட்டால் வேறு இடம் கிடையாது.

அண்ணன் பிறந்தது ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் வேர்க்கடலை போடும் குடும்பத்தில். கிணறு வற்றியதும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்து ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். அங்கே தோலைப் போட்டுப் புரட்டுகிற டிரம் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு இருக்கும். அப்பா உள்ளே இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தபோது யாரோ பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். நிறுத்துவதற்குள் டிரம் நான்கு சுற்று சுற்றிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த அண்ணன்தான் அப்பாவை வெளியே இழுத்தார். அவருக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவைத் தரையில் படுக்கவைத்துவிட்டு நேராகப் போய் ஃபோர்மேனின் தாடையை உடைத்தார். ஐந்தாறு பேர் சேர்ந்து அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அப்பாவின் காரியத்துக்கு அவர் ஒரு கண் திறக்க முடியாமல்தான் வந்து நின்றார்.

பிறகு அதே டிரம்களை மாட்டும் வேலையையே கற்றுக்கொண்டார். எந்த ஷாப்பில் வேலை எடுத்தாலும் முதலில் சுவிட்சுக்கு ஒரு பூட்டு போடுவார். உள்ளே இறங்குகிறவன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதெல்லாம் எதற்கு என்று கேட்ட ஒரு முதலாளியைச் சட்டையைப் பிடித்து டிரம்முக்குள் தள்ளி, "இப்ப கேளு" என்றார். அந்த ஷாப்பில் அவருக்கு அத்துடன் வேலை போயிற்று, ஆனால் பூட்டு இருந்தது.

அண்ணன் கோபக்காரர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் உங்களில் பாதிப்பேர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பீர்கள். வாங்கியவர்கள் நினைத்துப் பாருங்கள், அவர் யாரையாவது தன் காரியத்துக்காக அடித்திருக்கிறாரா? என்னை ஐ.டி.ஐ.யில் படிக்கவைத்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பைபாஸ் ஓரம் சொந்தமாகப் பட்டறை போட்டபோது பலகையில் தன் பெயருக்குப் பதிலாக 'பிரதர்ஸ்' என்று எழுதச் சொன்னார். பேரணாம்பட்டிலிருந்து அண்ணி வாழ வந்ததும் அந்தப் பட்டறை போட்ட வருடம்தான்.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு காண்ட்ராக்டர் பழைய மினி லாரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஊருக்கு வெளியே புதிதாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ரயில் விடாத பாதை. ஆட்களையும் சாமான்களையும் அதன்மேலேயே ஏற்றிப் போக அவருக்கு ஒரு வண்டி வேண்டும். "லாரிய ரயிலாக்கித் தர்றியா?" என்று கேட்டார். அண்ணன் வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்து, "ஆக்கலாம்" என்றார்.

மூன்று மாதம் அதே வேலை. தண்டவாளத்தின் அகலத்துக்கு லாரியின் அச்சு போதாது, அதை வெட்டி நீட்டினோம். டயர்களைக் கழற்றினோம். முன்சக்கரம் திரும்பாதபடி அடித்து இறுக்கி, ஸ்டீயரிங்கையே எடுத்துவிட்டோம். ஸ்டீயரிங் இல்லாத லாரியைப் பார்க்கப் பக்கத்து லேத் பட்டறை ரஹீம் பாய் தினமும் டீயோடு வருவார். "டிரைவர் இன்னாத்த புடிச்சினு ஒக்காருவான், நாயனா?" என்று கேட்பார். "ஒன் தாடிய" என்பார் அண்ணன். திரும்பி வருவதற்காக வண்டியின் வயிற்றுக்கு நடுவில் ஒரு ஜாக்கி வைத்தோம். அதில் தூக்கி நான்கு பேர் தள்ளினால் போதும், நின்ற இடத்திலேயே வண்டி திசை மாறிவிடும். அதை முதல்முறை தள்ளிப் பார்த்த அன்று அண்ணன் பட்டறைக்கு நடுவில் நின்று கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரும்புச் சக்கரங்கள் நான்கும் என் பொறுப்பு. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு, வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்துவைப்பது அதுதான். அது போனால் வண்டி இறங்கிவிடும். தடித்த வட்டத்தகட்டில் அந்த விளிம்பை வளையமாக வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அண்ணன் சொன்னது இதுதான்: முதலில் சக்கரம் முழுவதையும் சூடேற்று, பிறகு வெல்டு வை, முடிந்ததும் சாம்பலில் புதைத்துவிடு, சட்டென்று ஆறினால் விரிசல் விடும், ஒரு நாளைக்கு ஒரு சக்கரத்துக்குமேல் தொடாதே.

நான் நான்கையும் ஒரே நாளில் முடித்தேன். டிரம்முக்கு வளையம் வைத்துப் பழகிய கை. டிரம் மெதுவாகச் சுற்றும், எதையும் தாங்கும், அந்த நினைப்பிலேயே செய்தேன். சூடேற்றவில்லை. சாம்பலுக்குப் பதில் தண்ணீரை ஊற்றி ஆற்றினேன். குடியாத்தத்தில் என் மச்சினன் கல்யாணம், முதல் நாளே போய்விட வேண்டும் என்று அவசரம். அந்தக் கல்யாணத்தில் என்னோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் உங்களில் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் ஒரு சக்கரத்தில் மயிரிழை மாதிரி விரிசல். அதன்மேல் இன்னொரு வெல்டு ஓட்டி, கிரைண்டரில் தேய்த்து, சிவப்புப் பெயின்ட் அடித்து மறைத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஒப்படைக்கும் நாள் காலை வண்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். வேலைக்கு வந்த ஆணும் பெண்ணுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அங்கிருந்து சரிவு, சரிவு முடிந்தால் பாலாற்றுப் பாலம். பாலத்துக்கு இன்னும் பக்கச்சுவர் வைக்கவில்லை. அண்ணன் சுத்தியலோடு குனிந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு வந்தார். மூன்று சக்கரம் மணி மாதிரி கேட்டது. நான்காவது செத்த சத்தம் கொடுத்தது. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாரும் எறங்குங்க."

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் காண்ட்ராக்டர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீதான செஞ்ச? சொல்றா, விரிசல் கீதா இல்லியா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பெயின்ட் கீறல்தாண்ணா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

டிரைவர் இஞ்சினைப் போட்டான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். மேலே இருந்தவர்களைப் பார்த்து அவர் கத்திய கத்தலில் பெண்கள் குதித்தே இறங்கினார்கள். இறங்க மறுத்த ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்தார். பிறகு சம்மட்டியை எடுத்துத் தன் வண்டியை அடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் விளிம்பு கையகலத்துக்குப் பெயர்ந்து பறந்தது. "பாருங்கடா!" என்றார். யாரும் பார்க்கவில்லை. சம்மட்டியால் அடித்தால் எதுதான் உடையாது? அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பைத்தியக்காரன் மட்டும்தான். அவர் நிறுத்தவில்லை. ஒட்டவைத்துத் திரும்ப ஓட்டிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அச்சை அடித்தார், பிரேக்கை அடித்தார், தான் கைதட்டிய அந்த ஜாக்கியையும் அடித்தார்.

காண்ட்ராக்டரின் ஆட்கள் நான்கு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அண்ணன் இரண்டு பேரைத் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தவன் நான். தடுக்கப் போனேன் என்று உங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை. அவர் இன்னொரு தடவை என்னிடம் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பிடித்தேன். நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே முதல் அடி அவர் வலது முழங்கையில் விழுந்தது. எலும்பு உடைந்த அதிர்வு என் மார்பில் தெரிந்தது. அதன்பிறகு தலை, விலா. நான் கையை விட்டபோது அவர் ஜல்லிமேல் குப்புற விழுந்தார், வாயெல்லாம் ரத்தம்.

ரஹீம் பாய்தான் தன் லோடு ஆட்டோவில் அவரை வேலூருக்குக் கொண்டுபோனார். மறுநாள் கண் விழித்ததும் அண்ணன் கேட்ட முதல் வார்த்தை, "ஜனங்க எறங்கிட்டாங்களாடா?" போலீஸ் வந்து விசாரித்தபோது, "நான்தான் ஒடச்சேன் சார், கோவம் வந்துச்சு" என்றார். விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் கேஸ் என்மேல் திரும்பியிருக்கும்.

நான்கு மாதம் கழித்துப் பட்டறைக்கு வந்தார். வலது கை மடங்காது, வெல்டிங் பிடிக்க முடியாது. கதவைச் சாத்திவிட்டு இடது கையால் என்னை ஓங்கி ஒரே அறை அறைந்தார். என் வலது காது அன்றோடு போயிற்று. "இது அந்த ஜனங்களுக்கு. எனக்குன்னு ஒண்ணும் இல்ல" என்றார். கதவைத் திறந்துவிட்டு, டீ சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குள் நான் அந்த வண்டியைச் சரிசெய்து கொடுத்திருந்தேன். சக்கரங்களை அண்ணன் சொன்னபடியே சூடேற்றி, சாம்பலில் புதைத்துச் செய்தேன். வண்டி வேலை முடியும்வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தம்பி கெட்டிக்காரன் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். பட்டறை என் கைக்கு வந்தது. அண்ணன் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெல்டிங் ராடு எடுத்துக் கொடுத்தார்.

கடைசி மூன்று நாள் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் இருந்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணிகிட்டயாவது சொல்லிடறேண்ணா" என்றேன். "இப்ப இன்னாத்துக்கு? அவ டீ வாங்கினு வர்றா, கம்முனு இரு" என்றார். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "ஒங்க அண்ணன் சும்மா கை வெக்கிற ஆளு இல்லியே, தம்பி" என்று என்னிடம் மட்டும் பலமுறை சொல்லி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் போன ரஹீம் பாய்க்குத் தனியாக நன்றி.

இதை எழுதி முதலில் அண்ணியிடம் கொடுத்தேன். படிக்க வெகுநேரம் ஆயிற்று. வந்த நாள் முதல் என்னை 'வாங்க, போங்க' என்றே பேசியவர், முதல்முறையாக ஒருமையில் பேசினார்.

"பத்து வருஷம் நானும் அவர பைத்தியம்னு சொல்லித் திட்னனேடா. சோறு போடும்போதுகூட திட்னேன். தல குனிஞ்சினு துன்னுட்டு எழுந்து போவாரு. நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு நாளாவது நான் அவர திட்டாம இருந்திருப்பேன்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்படியே அச்சடி. ஒரு எழுத்து கம்மியாவக் கூடாது. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையிலயும் நீயே குடு" என்றார்.

ஆகவே இதை உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். இப்போது பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கை ஓங்கத் தோன்றினால் ஓங்குங்கள், நான் நகர மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை அண்ணன் படத்தருகே போங்கள். அவரைப் பைத்தியம் என்று சொன்ன வாயாலேயே, இல்லை என்று சொல்லுங்கள். அண்ணி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.