கம்பளி போர்த்திய அண்டா

ஐஸ் கட்டிகளைத் துணியில் முடிந்து, மிளகு இடிக்கும் குட்டி உலக்கையால் நொறுக்கிக்கொண்டிருந்தாள் ஊசியம்மா. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர் குரல் கொடுத்தார்.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. முழங்கால் வீங்கிக் கெடக்கு. இந்த வீட்டுல உன் ஊசிக்கு மட்டும்தான் வைத்தியமா?"

"ஊசி நாளைக்கு வேலைக்குப் போகணும். உங்க கால் எங்க போகப்போகுது?"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இந்த மாதிரிப் பதில்களெல்லாம் அவருக்குப் பழகிவிட்டன.

நொறுங்கிய ஐஸை டம்ளரில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். வெப்பமானியின் நீண்ட ஊசியை அதற்குள் நிறுத்திப் பிடித்தாள். எண் இறங்கிப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காத ஊசியை நம்பி இன்னொருவர் கடையில் போய் நியாயம் பேச முடியாது.

அவள் அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலர். சந்தை, இறைச்சிக் கடை, பேக்கரி, விடுதிச் சமையலறை என்று ஊரில் எங்கே சாப்பாடு பொங்குகிறதோ அங்கே அந்த ஊசியைச் செருகிப் பார்ப்பது வேலை. 'ஊசியம்மா' என்று பேர் வைத்தது மீன்காரி ஒருத்தி. முதல் வருஷம் அவள் கூடையை இவள் திருப்பி அனுப்பியபோது, "உன் வயித்துல ஒரு சோறு தங்காது" என்று தெருவே கேட்கச் சாபம் விட்டவள் அவள். பிறகு அவளே தன் பேரனுக்குப் பால் டப்பா வாங்கினால் தேதி படித்துச் சொல்ல இவளைத்தான் தேடுவாள். சாபமும் ஏனோ பலிக்கவில்லை. ஊசியம்மா நன்றாகவே சாப்பிட்டாள்.

தன் பொறுப்பில் இருக்கும் கடைகளில் ஒரு எலுமிச்சம்பழம்கூட வாங்க மாட்டாள். காய்கறிக்கு இரண்டு பஸ் மாறிப் போவாள். கல்யாண வீட்டில் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் புழக்கடைப் பக்கம் போய்ச் சமையல்காரர் கை கழுவுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவாள். "அவ உக்காந்துட்டாளா? அப்ப சாப்பிடலாம்" என்பது சொந்தக்காரர்கள் நடுவே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அன்று ஊசி பூஜ்யத்தைத் தொடும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர் கணவரின் அக்கா. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரர். புருஷன் போன பிறகு அந்தச் சமையலறையை ஒட்டிய அறைதான் அவருக்கு வீடு. முகம் வாடியிருந்தது.

ஏன் என்று ஊசியம்மாவுக்குத் தெரியும். அந்த இல்லத்தில் அன்று விடிகாலையில் ஒன்பது பேருக்கு வயிறு போகத் தொடங்கியிருந்தது. வயதானவர்களுக்கு அது விளையாட்டில்லை. உடம்பில் தண்ணீர் வற்றினால் ஆளே போய்விடுவார். புகார் வந்தவுடன் அவள் மேலதிகாரியிடம், "அது என் நாத்தனார் சமையல்கட்டு, நான் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். வேறொரு அலுவலர் போயிருந்தார்.

"அண்ணி, காபி குடிங்க. ஆனா அந்த விஷயத்தை என்கிட்ட பேசாதீங்க. விதி அப்படி."

"உன்கிட்ட யாரு பேச வந்தா? நான் என் தம்பி வீட்டுக்கு வந்திருக்கேன். தம்பிகிட்ட பேசறேன். நீ காதைப் பொத்திக்கோ."

அண்ணி கூடத்தில் உட்கார்ந்தார். ஊசியம்மா திரும்பி நின்று ஐஸை இடித்தாள். இடித்தாள் என்பது பேருக்கு. உலக்கை எழும்பி இறங்கியது, சத்தம்தான் வரவில்லை.

"பால்தான்னு சொல்றாங்கடா. மேலாளரம்மா பால்காரரை வாசல்ல நிக்க வச்சுக் கேட்ட கேள்வி இருக்கே, மானம் உள்ளவன் கேக்க முடியாது. வந்த அதிகாரியும் பாலைத்தான் பாட்டில்ல எடுத்துட்டுப் போனாரு. நாளைக்குக் காலையில அந்த ஆளோட கடைக்குப் போய் சீல் வைப்பாங்களாம்."

"பால்காரரா? அவரு பாத்திரத்தைத் தேய்க்கிற தேய்ப்புல என் மூஞ்சியே தெரியுமேக்கா."

"அதான்டா எனக்கும் மனசு கேக்கல."

காதைப் பொத்திக்கொள்ள வேண்டியவள் திரும்பிவிட்டாள்.

"பால் குடிச்சும் வயிறு நல்லா இருக்கிறவங்க யாராவது உண்டா?"

நோய் வந்தவர்களைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். வராதவர்களை எண்ணுவது அவளுடைய தொழில் வழக்கம்.

அண்ணி யோசித்தார். "வாத்தியாரம்மா நல்லாத்தான் இருக்காங்க. ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. மாடி ரூம் தையல்காரரும் குடிச்சாரு. ரெண்டு பேரும் கறி தொட மாட்டாங்க. அதனால சூப் வேணாம்னுட்டு ரொட்டிதான் சாப்பிட்டாங்க."

சொல்லி முடித்தவுடன் அவருக்கே எங்கோ உறுத்தியது. கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"சூப்பை எப்பக் காய்ச்சினீங்க, அண்ணி?"

"நேத்து மத்தியானம். கறியும் பருப்பும் போட்டு நல்லாத் தளதளன்னு கொதிக்க வச்சேன். நீயே வந்து பாத்திருந்தாலும் குத்தம் சொல்ல முடியாது."

"எப்பக் குடுத்தீங்க?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு. இந்த வாரம் புதுசா பெரிய அண்டா ஒண்ணு வந்துச்சு. திரும்பக் கொதிக்க வச்சா அது அடிப்பிடிக்குது. கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா பல்லில்லாத வாய் வெந்து போகுது. அதான் இறக்கினவுடனே கம்பளியில சுத்தி மூலையில வச்சேன். ராத்திரி தொறந்தா அப்படியே குடிக்கிற பதத்துல இருந்துச்சு. எல்லாரும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

ஊசியம்மா துணி முடிச்சைக் கீழே வைத்துவிட்டு அண்ணிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கொதிச்சாலும் சாகாம விதை மாதிரி ஒதுங்கிக் கெடக்கிற கிருமி உண்டு, அண்ணி. ரொம்பச் சூட்டுல அது வளராது. சில்லுன்னு இருந்தாலும் வளராது. குழந்தையைக் குளிப்பாட்டற வெந்நீர்ப் பதம் இருக்கே, அதுதான் அதுக்கு மாப்பிள்ளை விருந்து. மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் உபசரிச்சிருக்கீங்க."

"அப்ப நான்தான் அவங்களுக்கு வெஷம் வச்சேங்கறியா?"

"வெஷம் வைக்கிறவங்க கம்பளி போர்த்த மாட்டாங்க. அதுவும் ஆய்வுக்கூடம் சொன்னாத்தான் உறுதி. மாதிரிக்குன்னு எடுத்து வைக்கிற கிண்ணம் இருக்கா?"

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது இல்லங்களுக்கு விதி. அண்ணி தலையாட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதை யாரும் கேக்கல. கழுவிக் கவுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊசியம்மா பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டார்.

"வேலை போயிடும்டி. வேலை போனா அந்த ரூமும் போயிடும். இந்த வயசுல சட்டி பானையோட நான் எங்க போவேன்?"

'போகாது அண்ணி, கவலைப்படாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை.

"போகுமா போகாதான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதைச் சொல்றேன். காலையில அந்த அதிகாரி பால்கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தச் சேதி அவருக்குப் போயாகணும். நீங்க சொன்னா நல்லது. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"கூடப் பொறந்தவனோட பொண்டாட்டி நீ. என்னைக் காட்டிக் குடுப்பியா?"

"குடுப்பேன். குடுத்துட்டு உங்களை இங்க கூட்டிட்டு வந்து வச்சுப்பேன். ரெண்டையும் செய்வேன்."

"உள் ரூம் சும்மாத்தான் கெடக்கு," என்றார் கணவர், இந்தத் தடவை அவளைப் பார்க்காமலேயே. "ஆனா ஒண்ணு, அக்கா. இங்க கம்பளியெல்லாம் எங்களுக்குத்தான். குழம்புக்குக் கெடையாது."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறியது. ஊசியம்மா முதுகைத் தட்டிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, மூக்கைச் சிந்தச் சொன்னாள். பிறகு, வயிறு போனவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கிறார்களா, யாருக்காவது சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பழைய தபால்காரர் காலையிலிருந்து வாய் திறக்க மாட்டேன் என்கிறாராம். "அவரை இன்னைக்கே டாக்டர் பாக்கணும். போனவுடனே அதை முதல்ல சொல்லுங்க" என்று அண்ணியை பஸ் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் ஐஸ் முடிச்சை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுவாளா?"

"தெரியாது."

"சொல்லலேன்னா?"

"சொன்னேனே, நான் சொல்லுவேன்னு."

"நீ செய்வேன்னுதான் பயமா இருக்கு" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "நீ செய்யாம இருந்தாலும் பயமாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவள் தொலைபேசியை எடுக்கக் கை நீட்டியபோது அதுவே மணியடித்தது. மேலதிகாரி. இல்லத்துச் சமையல்காரர் அலுவலரை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சூப் கிண்ணத்துக்கு சீல் வைத்தாயிற்று. பால்கடைக்கு இப்போது யாரும் போகவில்லை. தபால்காரரை நேற்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். ஆய்வு முடிவு வரும்வரை அங்கே அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் காலைக் கஞ்சி வெளியிலிருந்து போக வேண்டும். கஞ்சி காய்ச்சும் விடுதி அவளுடைய பகுதியில் இருந்தது.

அங்கே போனாள். பெரிய பாத்திரத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஊசியைச் செருகிப் பார்த்தாள். மூடி கழுவிய விதம் பிடிக்காமல் இன்னொரு தடவை கழுவச் சொன்னாள். விடுதிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். கொதிக்கிற சூட்டோடு வண்டி கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் அண்ணியின் அழைப்பு வந்தது.

"வேலை என்னாச்சு, அண்ணி?"

"முடிவு வந்தப்புறம் பேசிக்கலாம்னுட்டாங்க மேலாளரம்மா. அதுவரைக்கும் பரிமாறச் சொல்லியிருக்காங்க. அதை விடு. இந்தக் கஞ்சியை யாரு காய்ச்சினது? நெருப்பா சுடுது. வாத்தியாரம்மா என்னைத் திட்டறாங்க."

"தட்டுல ஊத்தி ஆத்திக் குடுங்க. பாத்திரத்தை மட்டும் மூடியே வைங்க."

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார் அண்ணி. தட்டில் கஞ்சி ஊற்றும் சத்தம் கேட்டது. அதன்மேல் அவர் ஊதும் சத்தமும் கேட்டது. ஊதக்கூடாது, விசிறியால் வீசுங்கள் என்று ஊசியம்மா சொன்னாள். அண்ணி விசிறி தேடிப் போனார்.