தொப்பி துவைக்கக் கொடுத்த சிப்பாய்

யேசுநாதர் லாசரை ஒரே ஒரு தரம்தான் உயிரோடு எழுப்பினார். எங்கள் சிசிலி அக்கா ஒரு யப்பான் சிப்பாயை மாதா மாதம் எழுப்புகிறார், அதுவும் கச்சான் கடலை சப்பிக்கொண்டே.

ஜெர்மனியின் பான் நகரில் ட்ராம் ஓட்டுபவர். தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் திரையருகே வந்து நிற்பார். "கதவடியில நிக்காதேங்கோ, வெளிக்கிடப் போறன்" என்று ட்ராமில் போலவே அறிவித்தால்தான் படம் தொடங்கும். எந்த மாதமும் அதே படம்தான்: உலகப் போர் முடிந்த கையோடு யப்பானில் எடுத்த கறுப்பு வெள்ளைக் காதல் படம். கீழே ஓடும் ஜெர்மன் வரிகளைப் பார்த்து உடனுக்குடன் மன்னார்த் தமிழில் சொல்வார். சிப்பாய்க்குத் தடித்த குரல்: "அழாதையும் பிள்ளை, வந்திடுவன்." காதலிக்குக் கீச்சுக் குரல். குண்டு விழும் இடங்களில் கச்சான் கோது உடையும்.

கடைசியில், பாலத்தில் காத்திருப்பவளிடம் நண்பன் தொப்பியை மட்டும் நீட்டுவான். ஜெர்மன் வரி 'செத்துவிட்டான்' என்கிறது. அக்கா சொல்வது வேறு: "தொப்பியைத் துவைக்கக் குடுத்துவிட்டவராம். ஆள் பின்னால வாறார்." ஜெர்மன் தெரிந்தவர்கள் வாயே திறப்பதில்லை.

காரணம், முன்வரிசைப் பிறேமா அக்கா. ஊரில் சண்டைக்குள் காணாமற்போன கணவருக்காக இன்னும் தாலியோடு இருப்பவர். ஜெர்மன் எழுத்து அவருக்கு ஓடாது. "நல்ல காலம்" என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் தேநீருக்கு எழும்புவார்.

உண்மை தமிழிலேயே திரையில் வந்தால் சிசிலி அக்கா என்ன செய்வார்? போன மாதம் எனக்கு இந்தக் குறுகுறுப்பு. படம் ஓட்டும் மடிக்கணினி என் கையில்தானே. 'செத்துவிட்டான்' என்ற அந்த ஒரு வரியை மட்டும் கொட்டை எழுத்தில் தமிழாக மாற்றி, படம் முடியும்வரை நிற்கும்படி வைத்தேன்.

பாலம் வந்தது. பிறேமா அக்கா தாலிக்கொடியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார். என் கை தானாகவே எழும்பி ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தை மறித்தது. பாலத்தின் அடிப்பாதியை, அந்த வரியோடு சேர்த்து, ஐந்து விரல் நிழல் மூடியது.

"உதென்ன கறுப்பு?" என்றார் பிறேமா அக்கா.

"மழை முகில்," என்றார் சிசிலி அக்கா, இம்மியும் தயங்காமல். "அதுதான் துவைச்ச தொப்பி காயேல்லை. ஆள் பின்னால வாறார்."

"நல்ல காலம்."

கை உளைந்தது. எடுத்தால் எழுத்துத் தெரிந்துவிடும். சிசிலி அக்கா என்னருகே வந்து குனிந்து, மடிக்கணினியில் நின்ற வரியை வாசித்தார்.

"எழுதினதும் இந்தக் கைதானே?" என்று காதுக்குள் கேட்டார். பிறகு படத்தை அணைத்து, அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அதற்குள் ஒரு பிடி கச்சானை வைத்து மூடினார்.