அமைச்சராகிவிட்ட அறைத்தோழி

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னோடு ஒரே வீட்டில் தைவான்காரி ஒருத்தி குடியிருந்தாள். நாடகம் படித்தாள். எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஜெர்மன் மொழி மட்டும்தான். என் மீன்குழம்பைச் சாப்பிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கேட்பாள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவள் நாடகக் குழுவொன்றை நடத்தினாள். சில வருடங்களில் அவளுடைய நகரத்து மேயர் அவளைப் பண்பாட்டுத் துறைக்குத் தலைவியாக்கினார். தொலைபேசியில் சொன்னாள்.

"அப்ப நீ இனி அரசியல்வாதி," என்றேன்.

"அப்பிடித்தான் சொல்லுகினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அடுத்த வருடம் வுப்பர்டாலில் நடந்த நடன விழாவுக்குத் தன் நகரத்து நடனக் குழுவோடு வந்தாள். வரவேற்புக்கு எனக்கும் என் கணவருக்கும் அழைப்பு. சேலை கட்டிப் போனேன். கட்டிப்பிடிக்கக் கை நீட்டினேன், அவள் குலுக்கிவிட்டு, "நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ?" என்றாள். நீங்களாம்.

விழாவை நடத்திய ஜெர்மன் பெண்மணி அவளை 'நாடக அறிஞர்' என்று மட்டும் அறிமுகம் செய்தார். பதவியைச் சொல்ல மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து நான், "இவ தைவானில அமைச்சர் மாதிரி" என்று உரக்கச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோழி தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சும்மா இரும்," என்று கணவர் என் கையை அமுக்கினார். என்ன பிழை சொன்னேன்?

மறுநாள் ரயில் நிலையத்திலிருந்து தோழி அழைத்தாள். "கோவமோ? தைவான் அரசாங்க ஆள் எண்டு கூப்பிட்டா சீனாவோட பிரச்சினை வரும் எண்டு, விழாக்காரர் என்ரை பதவியைச் சொல்லாமல்தான் மேடை தந்தவை. நீ சொன்னவுடனை பயந்திட்டன்."

"அதுக்கு ஏன் என்னை 'நீங்கள்' எண்டனி?"

"தெரியேல்லை. அந்தப் பதவிக் கோட்டுச்சூட்டைப் போட்டா வாயில அதுதான் வருது."

பிறகு அவளுடைய நகரத்தில் மேயரைக் கேலி செய்யும் நாடகம் ஒன்று வந்தது. அதற்கு அவளுடைய துறை கொடுத்த பண உதவியை நிறுத்தச் சொன்னார்கள் மேயரின் ஆட்கள். மறுத்தாள், பிறகு பாதிப் பணத்தை வெட்டினாள். மேயரின் ஆட்களும் நாடகக்காரர்களும் திட்டினார்கள். ராஜினாமா செய்துவிட்டு என்னை அழைத்தாள்.

"நல்லதுதானே?" என்றேன்.

"ஓம்," என்றாள். பிறகு, "முழுசா மறுத்திருக்கலாம். இல்லாட்டி முழுசா வெட்டியிருக்கலாம்" என்றாள்.

ஆறுதல் சொல்வதா, வாழ்த்துவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.