மலைமேல் நின்று பார்த்த புயல்

காற்று எழுந்தால் இந்த ஊரில் கதவைத் திறக்கிறார்கள். நாமக்கல்லுக்கு வந்த முதல் ஐப்பசியில் நான் கண்ட புதினம் இது. கடலுக்கு அப்பால், என் ஊரான பருத்தித்துறையில் வாடைக்காற்று ஒருமுறை உறுமினால் யன்னல் கொக்கிகளைப் போட்டுவிட்டு, கரையில் யாருடைய வள்ளம் இன்னும் திரும்பவில்லை என்று கேட்போம். இங்கே எதிர்வீட்டு முத்துசாமி கதவை விரியத் திறந்து, மனைவி பாவாயியோடு தெருவில் இறங்கி, அண்ணாந்து நின்றார். நான் ஓடியோடி யன்னல்களைச் சாத்துவதைக் கண்டு, "ஏனுங்க வாத்தியாரே, மழை வாரப்பப் போயி ஊட்டச் சாத்தறீங்க?" என்று கேட்டார். அன்று மழையும் வரவில்லை. நாலு துளி மண்ணில் விழுந்து புழுதி வாசம் எழுப்பியதோடு சரி. அவர்கள் இருட்டும்வரை தெருவிலேயே நின்றார்கள்.

நான் இங்கே உயர்தரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என்னைக் 'கொழும்பு வாத்தியார்' என்பார்கள். கொழும்பை நான் பார்த்தது இரண்டே முறை என்று சொல்லிப் பார்த்துக் கைவிட்டேன். ராமேசுவரத்துக்கு அப்பால் உள்ளதெல்லாம் இவர்களுக்குக் கொழும்புதான். எங்கள் ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் நினைப்பதுபோல நான் இங்கே அந்நியனாக நடத்தப்படவில்லை. என் மனைவி பாக்கியத்துக்குச் சாமை வடிக்கவும், குழித்தறிச் சேலையில் நல்லது எது என்று பார்த்தெடுக்கவும் பழக்கியவள் பாவாயி. தலைப்பிள்ளையைச் சுமந்து மூன்று மாதமானபோது வாந்தி நிற்காமல் தவித்தவளுக்குப் புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தவளும் அவளே. ஆவணியில் பாக்கியத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்பினேன். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் ஒரு தெருவும் ஒரு தென்னந்தோப்பும்தான்.

பாக்கியத்தை அனுப்பிய அந்த வருடம், மழை பொய்த்த மூன்றாம் வருடம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். முத்துசாமியின் காட்டுக் கிணற்றில், அதாவது வயற்கிணற்றில், ஏற்றம் எட்டவில்லை. ஆட்களை இறக்கி அடிச்சேற்றுத் தண்ணீரை வழித்து வழித்து மாடுகளுக்குக் காட்டினார்கள். கார்த்திகையில் அவர் கொல்லிமலைக்கு நடந்துபோய், அருவியில் குளித்து, ஈசுவரனுக்கு அபிஷேகம் செய்வதாக வேண்டிக்கொண்டார். "நீங்களும் வாங்க, தனியா இருந்து என்ன பண்றீங்க" என்று பாவாயி கூப்பிட்டாள். பள்ளிக்கூடமும் விடுமுறை. முதல் நாள் ஏறுவது, மறுநாள் பள்ளத்தில் இறங்கி அருவிக்கும் கோயிலுக்கும் போவது, மூன்றாம் நாள் திரும்புவது என்று ஏற்பாடு. பூசைச் சாமானும் அரிசியும் சுமக்க மலைக்காரர் சடையன் வந்தார். நடுவயது, குறைந்த பேச்சு, செருப்பில்லாத கால்.

விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏறினோம். முள்ளும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. மூன்று ஓடைகளைக் கடந்தோம். மூன்றிலும் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. முத்துசாமி ஒவ்வொன்றிலும் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். பிற்பகலில் மலைமேல் சடையனின் ஊரைச் சேர்ந்தோம். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. கிழக்கு ஓரத்துப் பாறையிலிருந்து பார்த்தால் துறையூர்ச் சமவெளி முழுதும் தெரியும் என்று அழைத்துப் போனார்கள்.

அங்கே நின்றுதான் பார்த்தேன். தென்கிழக்கே, வானத்தின் அடியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய வெண்கீற்றுகள் எங்கள் தலைக்குமேல் விசிறிபோல விரிந்திருந்தன. அவற்றுக்குக் கீழே செம்பு நிறத்தில் ஒரு மங்கல். வடக்கிலிருந்து காற்று விட்டுவிட்டு வீசாமல், யாரோ கையால் தள்ளுவதுபோல ஒரே சீராக வந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் இந்த வானத்தை வாசிக்கத் தெரியும்.

"பாருங்க, பாருங்க! கருக்கல் கட்டுது!" என்று முத்துசாமி கூவினார். பாவாயி இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"இது மழையில்லை. புயல்" என்றேன்.

"புயலோ கியலோ, தண்ணி வருதுங்களா இல்லீங்களா?"

"வரும். நாளைக்கு வரும்."

அவர் என் தோளைக் கட்டிக்கொண்டார். நான் அபசகுனம் சொன்னேன். அவருக்கு அது அருள்வாக்காக விழுந்தது. அவர் பிடிக்குள் நின்றபடி நான் கணக்குப் போட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு? அது தென்கிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் கரையைத் தாண்டித்தான் வேதாரணியம், திருச்சி, இந்த மலை. இங்கே நாளைக்கு என்றால் அங்கே இன்றைக்கு.

சடையன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பட்சி ஒண்ணும் மேல இல்ல. நாளைக்குப் பள்ளத்துல எறங்க வேண்டாம். அருவித் தண்ணி ஆளை அடிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார். முத்துசாமியின் முகம் விழுந்துவிட்டது. அருவியில் குளிக்காமல் வேண்டுதல் எப்படி நிறைவேறும்? மழை வரப்போகும் நேரத்தில் சாமியை ஏமாற்றுவதா? கடைசியில் பாவாயிதான் முடித்து வைத்தாள்: "அவரு வானத்துலயே ஊத்தறாருங்க. இங்கயே நின்னு குளிச்சுக்குவோம். பள்ளம் வேண்டாம்." அவர்களுடைய ஏற்பாடு அப்படி மாறியது. புயல் கடக்கும்வரை சடையன் வீட்டிலேயே தங்குவது.

என்னுடையது வேறு. இப்போதே இறங்கினால் நாமக்கல்லில் தந்தி கொடுக்கலாம், பாக்கியத்தைத் தோப்பு வீட்டை விட்டு, ஊரில் கல்லால் கட்டிய பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லலாம் என்றேன். இருட்டில் கரடி வழியில் நிற்கும் என்று சடையன் மறுத்தார். தந்தி இனிப் போய்ச் சேராது என்று என் கணக்கும் சொன்னது. ஆனாலும் விடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். அது யோசனை இல்லை. கால்கள் போயின, நான் கூடப் போனேன்.

மழை தொடங்கியிருந்தது. முதல் ஓடையை முழங்கால் நீரில் கடந்தேன். இரண்டாவதில் தண்ணீர் மண் நிறத்தில் உருண்டுகொண்டிருந்தது. கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பற்றி இழுத்தது. முத்துசாமி. ஓடி வந்ததில் அவர் கால் பெருவிரல் பிளந்து ரத்தம் ஓடியது.

"விடுங்கோ, எனக்குப் போகவேணும்!"

"பொணம் தந்தி குடுக்குமுங்களா?" என்று கத்தினார். நான் திமிறினேன். அவரை அடித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து என் இடுப்பைச் சுற்றி முடிந்து, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு என்னை மேலே இழுத்தார். கரையில் ஒரு பாறை கூரைபோல முன்நீண்டிருந்தது. அதன் அடியில் இருவரும் ஒடுங்கினோம். சிறிது நேரத்தில் நான் கால் வைத்த இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு புரண்டு போயிற்று.

பகல் முழுதும் அங்கேயே இருந்தோம். காற்றின் ஓசையில் பேச முடியவில்லை. ஒருமுறை அவர் என் காதருகே குனிந்து, "அம்மிணிக்கு எந்த மாசமுங்க?" என்று கேட்டார். எட்டு என்று விரலால் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு சமயம், பாறை விளிம்பிலிருந்து ஒழுகும் நீருக்கு அவர் உள்ளங்கையை நீட்டினார். நிரம்பியதும் குடித்தார். மறுபடி நீட்டினார். மூன்று வருடம் காணாத தண்ணீர். அவர் உதடு தன்னையறியாமல் விரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கவிழ்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், திருடியவர்போல. அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். அவர் துண்டு என் இடுப்பில்தான் இருந்தது.

மாலையில் காற்று கிழக்குக்குத் திரும்பியது. புயலின் நடு எங்களைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் ஓடை வடிந்தபின், பாவாயியும் சடையனும் எங்களைத் தேடி இறங்கி வந்தார்கள். சடையன் வீட்டுக் கூரை போயிருந்தது. அவர் அதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அடிவாரத்தில் சமவெளி கண்ணாடிபோலக் கிடந்தது. ஏரிக்கரை உடைந்து முத்துசாமியின் மாட்டுக் கொட்டகையில் இரண்டு காளைகள் செத்திருந்தன. அவர் அவற்றின்முன் சற்று நின்றார். பிறகு கிணற்றுக்குப் போய்க் குனிந்து, நின்ற இடத்திலிருந்தே தண்ணீரைத் தொட்டார்.

நான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். "பருத்தித்துறை" என்றேன். அங்கிருந்தவர் தலை நிமிராமல், "பருத்தி யாவாரத் தந்தியெல்லாம் அப்பறமுங்க, கம்பியே அறுந்து கெடக்குது" என்றார். "பருத்தியில்லை ஐயா, என் மனைவி" என்றேன். அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கம்பி சரியாக ஆறு நாளாயிற்று. அதற்குப் பிறகும் பதில் வரவில்லை. தனுஷ்கோடி ரயிலும் ஓடவில்லை. ஒன்பதாம் நாள், கப்பல் தபாலில் சுற்றிக்கொண்டு, பாக்கியத்தின் தகப்பனான மாமாவின் கையெழுத்தில் கடிதம் வந்தது. 'பாக்கியம் சுகம். பள்ளிக்கூடத்து மேசையின்மேல் பிரசவமாயிற்று. பெண். இரண்டு நாள் இருந்தது.'

அன்று கிணறு நிறைந்ததற்காகப் பொங்கல் வைத்து, பாவாயி என் பங்கைக் கொண்டுவந்திருந்தாள். நான் படித்துச் சொன்னதும், சட்டியோடு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். "இந்த மழைக்குங்களா சாமி நாங்க வேண்டிக்கிட்டது?" என்றாள். அதை என்னிடம் கேட்டாளா, மலையைப் பார்த்துக் கேட்டாளா என்று தெரியவில்லை. தெருமுனைக்கு அப்பால் ஏர் பூட்டும் சத்தம் கேட்டது. ஊரே விதைத்துக்கொண்டிருந்தது. முத்துசாமிக்கு யாரோ காளைகள் இரவல் கொடுத்திருந்தார்கள்.

ரயில் ஓடத் தொடங்கியதும் புறப்பட்டேன். முத்துசாமி உழவை நிறுத்திவிட்டுச் திருச்சி ஜங்ஷன்வரை வந்தார்.

ஊரில் தென்னந்தோப்பு இல்லை. படுத்த மரங்களுக்கிடையே கடல் நேராக வீட்டைப் பார்த்தது. பாக்கியம் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். முகம் கழுவ நீர் அள்ள முற்றத்துக் கிணற்றடிக்குப் போனேன். துலாக்கயிற்றை நான் இழுக்கும்போது மாமா பேச்சுக்கொடுத்தார்.

"உங்கை இந்தியாப் பக்கமும் புயல் அடிச்சதோ தம்பி? சேதமோ?"

"இல்லை மாமா, நல்ல மழை. எங்கட கிணறெல்லாம் நிரம்பியிட்டுது" என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்டது. மாமா தோளிலிருந்த சால்வையைச் சரிசெய்தபடி அப்பால் போனார். உள்ளேயிருந்து பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட கிணறு எண்டு எதைச் சொல்லுறியள்?" என்று மெல்லக் கேட்டாள்.

நீர் மொள்ளும் பனையோலைப் பட்டை மேலே வந்துவிட்டது. ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கடல் ஏறி இறங்கிய கிணறு அது, ஒரே உப்பு. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.