சீதன வீடும் எங்கள் அம்புக்குறிகளும்

மழைக்கு முன்னே எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்கும் யன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாவகச்சேரியில், நீதிமன்றத்துக்குப் பின்வீதியில் இருக்கிறது நான் வேலை செய்கிற ஆலோசனை நிலையம். தகரக் கூரை, கிறீச்சிடுகிற ஒரு மின்விசிறி, வட்ட மேசை. மேசை நிறைய அந்தப் பெரிய தாள்.

வீட்டில் அடிபடுகிற பெண்களுக்குத் துணை நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்காகக் கொழும்பில் அச்சிட்டு அனுப்பிய வழிகாட்டி அது. எதை முதலில் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது, ஆபத்து எப்போது கூடும், எப்போது பொலிசு, எப்போது வைத்தியர் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி. குறை சொல்ல மாட்டேன். அழுகிற ஒருத்தியின் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்ட வேளைகளில் அந்த அம்புகள்தான் கைபிடித்து நடத்தியிருக்கின்றன. ஆனால் எந்த அம்பைப் பிடித்துப் போனாலும் கடைசியில் ஒரே பெட்டியில்தான் போய் விழும்: வெளியேறுதல்.

அன்றைக்கு அந்த மேசைக்கு வந்தவள் புருசனிடம் அடிபடுகிறவள், கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரி. சந்தைக்குப் போகிற சாட்டில் பஸ் ஏறி எங்களிடம் வருவாள். கத்தரிக்காய்க் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டுவாள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பாதுகாப்பு இல்லம் பார்த்தோம்: ஓம். மகளுக்கு வேறு பள்ளிக்கூடம்: ஓம். உடுப்புப் பை எங்கள் அலுமாரியில்: ஓம். ஒவ்வொரு ஓமும் முந்தினதைவிடச் சின்னதாகிக்கொண்டு வந்தது. பயம் என்று நினைத்தோம். பயம்தான், வேறென்ன.

அன்றைக்குக் கடைசி ஒத்திகை. வைத்தியசாலையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற என் சகபாடி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தொடங்கினாள்.

"சரி பிள்ளை. திங்கட்கிழமை மனிசன் வேலைக்குப் போனாப் பிறகு வெளிக்கிடுறியள். அவரின்ரை வீட்டிலையிருந்து பஸ்ஸுக்கு நடக்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஆரின்ரை வீட்டிலையிருந்து, மிஸ்?"

"மனிசன்ரை வீட்டிலையிருந்து."

"அவரின்ரை வீடு வலிகாமத்திலை எல்லோ. அங்கை இப்ப அவரின்ரை தாய் மட்டும் இருக்கிறா. நாங்கள் இருக்கிறது என்ரை வீடு. அப்பா என்ரை பேரிலை சீதனமாத் தந்தது. வேலிக்கு அங்காலை அக்கான்ரை."

எங்களோடு இருந்த இளம் சட்டத்தரணி என்னைப் பார்த்தாள். நான் தாதியைப் பார்த்தேன். மூன்று பேரும் அன்று காலையில் அவரவர் பேரில் தாய்தகப்பன் எழுதித் தந்த சீதன வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தோம்.

"ஐயோ கடவுளே," என்று தாதி தலையில் கை வைத்தாள். "மனிசனோடை கொளுவுப்பட்டால், 'போம், உம்மடை கொம்மா வீட்டை போய்ச் சாப்பிடும்' எண்டு கிழமைக்கொருக்காச் சொல்லுற ஆள் நான். எனக்கே இது ஓடேல்லைப் பார்!"

"அவர் போறவரோ?" என்று சட்டத்தரணி கேட்டாள்.

"எங்கை போறது? வாசல் படலை மட்டும் போட்டுத் திரும்பி வருவார், குழம்பு மணக்க."

அவள் சிரித்தாள். எங்களிடம் வரத் தொடங்கின பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். முன்பல் ஒன்று இல்லை. அது ஏன் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பின்னை ஏன் பிள்ளை ஓம், ஓம் எண்டனியள்?" என்றேன்.

"போறதுதான் சட்டம் எண்டு நினைச்சன்."

சட்டத்தரணி கதிரையை அவள் பக்கம் இழுத்தாள். "இல்லை அக்கா. அவர் அந்த வீட்டுக்கை வரப்படாது எண்டு கோட்டிலை கட்டளை கேக்கலாம். வீடு ஆரின்ரை பேரிலை இருந்தாலும் கேக்கலாம். உங்கடை எண்டால் இன்னும் நல்லது."

எனக்கு உடனே ஓம் என்று வரவில்லை. கட்டளை ஒரு கடுதாசி. கடுதாசி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காது. அதனால் கேட்டேன்: "போனாலும் பயம், இருந்தாலும் பயம். எதிலை உங்களுக்குக் குறைய?"

மழை தகரத்தில் விழத் தொடங்கியது. அவள் கூடையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா பக்கம் வேலியிலை ஒரு பொட்டு இருந்தது மிஸ். ஒராள் புகுந்து வரலாம். இவர் தகரம் வைச்சு அடைச்சுப்போட்டார். அது திறந்திருந்தால் இருப்பன்."

தனிமைப்படுத்தல் என்று தாளில் ஒரு பெட்டி இருக்கிறது. தொலைபேசியைப் பறிக்கிறாரா, நண்பர்களைத் தடுக்கிறாரா என்றெல்லாம் கேட்டு அதை நிரப்பி வைத்திருந்தோம். வேலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திட்டத்தைப் புரட்டிப் போட்டோம். கட்டளை அவர் கையில் கிடைக்கிற நாட்கள்தான் மோசமானவை. அந்த நாட்களுக்கு மட்டும் அவளும் மகளும் பட்டணத்து இல்லத்தில். பை வீணாகவில்லை. அக்காவோடும் அத்தானோடும் கதைத்தாயிற்று. பொலிசில் ஒரு பெண் உத்தியோகத்தருக்குச் சொல்லியாயிற்று.

வழக்கு எடுக்கும்வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. பென்சிலால் அந்தத் தாளின் தலையில் புதுப்பெட்டி ஒன்று கீறினேன்: வீடு யாருடையது? அதிலிருந்து இரண்டு அம்பு. அடுத்த கிழமை குருநகரிலிருந்து ஒருத்தி வந்தாள். வாடகை வீடு, அதுவும் புருசனின் தமையனுடையது. அவளுக்குப் பழைய அம்புதான் சரி. அதை அழிக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

நீதிமன்றம் கட்டளை தந்தது. அவர் சத்தம் போட்டார். பிறகு ஒரு பெட்டியோடு வலிகாமத்துக்குத் தாயிடம் போனார். போய்விட்டாரா என்று தாதி நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்த்தான் விட்டார்.

ஒரு பின்னேரம் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தால் டங், டங் என்று காதைப் பிளக்கிற சத்தம்.

"பிள்ளை, எங்கை நிக்கிறியள்? என்ன சத்தம் அது?"

"வீட்டை மிஸ், வீட்டை! அத்தான் தகரம் கழட்டுறார்."

நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பயமில்லையோ?"

"இருக்குது. ஆனால் அக்கா அங்காலை நிண்டு தேத்தண்ணி நீட்டுறா." பிறகு என்னை மறந்து அவள் போட்ட சத்தம், எங்கள் மேசையில் ஒருநாளும் கேட்டிராத சத்தம்: "அத்தான், அந்தக் கீழாணியையும் பிடுங்குங்கோ! பாதியிலை விடாதையுங்கோ!"