பனந்தூணில் நான் அடித்த ஆணிகள்

நாகையாவைக் கொன்றது நான்தான். கயிறு அல்ல.

உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஊர் ஊராகச் சுற்றி, பாதிப் படிப்போடு பழவேற்காட்டில் ஒதுங்கியவன் நான். மீனவர்களுக்கு ஓலை எழுதிக் கொடுத்துச் சோறு தின்றேன். உலாந்தா நாட்டு வெள்ளைக்காரர் கோட்டைக்குக் கிழக்கே, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு பனந்தூண் நிற்கிறது. நாகையா தினமும் அதில் ஏறிக் கடலைப் பார்ப்பார். கடல் கொந்தளித்தால் உச்சியில் சிவப்புத் துணி கட்டுவார். அதைக் கண்டால் கட்டுமரங்கள் உள்ளே நுழையாமல் ஆழத்திலேயே நின்றுவிடும்.

அந்தத் தூணில் என் பலகையை அடித்தேன். 'இங்கே ஓலை எழுதித் தரப்படும்.' கவிழ்த்த படகின் மேல் நின்று, நான்கு கப்பல் ஆணிகளால்! தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கரையில் ஒரே சிரிப்பு. "இன்னா வாத்தியாரே, எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வர்றோம்?"

உண்மைதானே? என் எழுத்தை நானே அண்ணாந்து பார்க்கத்தான் அடித்தேன்... வேறு எதற்கு!

நாகையா சிரிக்கவில்லை. இடுப்பையும் தூணையும் சேர்த்து வளைத்த கயிற்றில் சாய்ந்துதான் அவர் ஏறுவார். அதில் பிசிறு கிளம்பியிருந்ததைக் காட்டினார்.

"உன் ஆணி என் கயித்தைக் கடிக்குதுபா. புடுங்கிடு."

"நாளைக்குப் புடுங்கிடறேன் அண்ணே."

மூன்று நாட்கள் அப்படியே போயின.

நான்காம் நாள் மதியமே வானம் கறுத்தது. கட்டுமரங்கள் எல்லாம் வெளியே. நாகையா துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். பலகையருகே கயிறு மாட்டியது. உதறி விடுவித்தார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்... இறங்குங்கள் என்று ஏன் கத்தவில்லை? வாய் இல்லையா எனக்கு?

உச்சியில் துணியைக் கட்டி முடித்தார். பின்னால் சாய்ந்தார். கயிறு அறுந்தது.

கட்டுமரங்கள் பிழைத்தன. அவர் பிழைக்கவில்லை.

எல்லாரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் படகின் மேல் ஏறி, பலகையையும் ஆணிகளையும் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். ஓர் ஆணியில் நார் சிக்கியிருந்தது. பலகை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கயிற்றைத் திரித்தவள் அவர் மனைவி போலம்மா. ஊர் அவள் கைகளைத்தான் பார்த்தது.

காரியம் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். எளாவூரில் இருக்கும் அண்ணனுக்கு ஓலை எழுத வேண்டுமாம்.

"நான் திரிச்ச கயிறுதான் அவரைச் சாவடிச்சிச்சுன்னு எழுது தம்பி."

ஓலை என் மடியில் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்... நானோ அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்!

"படிச்சுக் காட்டு" என்றாள்.

படித்தேன். ஓரிடத்திலும் குரல் தடுமாறவில்லை.

"சரியா இருக்குது" என்று தலையசைத்தாள் போலம்மா.